டயாலிசிஸ் மெஷின் ஒளியால் எதை அளக்கிறது, அந்த எண்ணை எதுவரை நம்பலாம்?

கேள்வி சுருக்கமாக இது: "அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இப்போது மாற்றியிருக்கும் மெஷினில் ரத்தமே எடுக்காமல் கேடி/வி என்று ஓர் எண்ணும், கூடவே இறங்கிக்கொண்டே போகும் ஒரு கோடும் திரையில் வருகின்றன. ஒளியை வைத்துக் கழிவை அளக்கிறது என்கிறார்கள். அது உண்மையில் எதை அளக்கிறது? அதை நம்பி மாதாந்திர ரத்தப் பரிசோதனையை விட்டுவிடலாமா?"

பரிசோதனையை விட வேண்டாம். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்துகொண்டால் அப்பாவுக்கு உண்மையிலேயே பயன் உண்டு.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. புரதம் சிதைவதால் உடம்பில் சேரும் கழிவான யூரியாவை அந்த ஒளி பார்ப்பதே இல்லை. திரையில் வரும் எண், யூரியா எந்த அளவுக்கு அகற்றப்பட்டது என்பதற்கான மதிப்பீடு. ஆனால் மெஷின் அளப்பது வேறு பொருட்களை. இந்த இடைவெளி புரிந்துவிட்டால், எண்ணை எங்கே ஏற்கலாம், எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டியான டயாலிசரின் நுண்குழாய்களுக்குள் ரத்தம் ஓடுகிறது. அவற்றுக்கு வெளியே எதிர்த்திசையில் டயாலிசேட் என்ற உப்புக் கரைசல் ஓடுகிறது. ரத்தத்தில் இருக்கும் கழிவு, நுண்குழாயின் சுவரான சவ்வைக் கடந்து டயாலிசேட்டுக்கு வருகிறது. நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் என்று வைத்தால் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் டயாலிசேட் கழிவுக்குழாயில் போகிறது. உடம்பிலிருந்து வெளியே வந்த கழிவு முழுவதும் அந்த 120 லிட்டரில்தான் இருக்கிறது. சிகிச்சை எப்படி நடந்தது என்பதற்கான நேரடிச் சான்று அதுதான். அதைப் படிக்காமல் வடிகாலில் விட்டுவிட்டு, ரத்தத்தில் இரண்டு துளி எடுத்துச் சோதிப்பதே பல்லாண்டுப் பழக்கமாக இருந்தது.

அந்த ரத்தச் சோதனையின் கணக்குதான் கேடி/வி. கே என்பது டயாலிசர் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ரத்தத்தை யூரியா இல்லாமல் சுத்தம் செய்கிறது என்பது. டி என்பது நேரம். வி என்பது உடம்பில் யூரியா பரவியிருக்கும் நீரின் அளவு. 1985-ல் டயாலிசிஸ் ஆய்வாளர்கள் ஃபிராங்க் காட்ச், ஜான் சார்ஜென்ட் இருவரும் இந்த அளவை முன்வைத்தார்கள். வாரம் மூன்று முறை சிகிச்சை பெறுபவருக்கு ஒவ்வொரு முறையும் 1.4-ஐ இலக்காக வைக்க வேண்டும், 1.2-க்குக் கீழே போகக்கூடாது என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அமெரிக்க வழிகாட்டுதல்.

ரத்தச் சோதனையில் இரண்டு குறைகள் உண்டு. மாதத்துக்கு 12, 13 முறை டயாலிசிஸ் நடக்கிறது. சோதிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு முறை. மற்ற நாட்களில் ஊசி சரியாக அமையவில்லை, பம்ப் வேகத்தைக் குறைத்தார்கள், அரை மணி நேரம் முன்னதாகவே முடித்தார்கள் என்றால் எதுவும் பதிவாகாது. இன்னொன்று, சிகிச்சை முடிவில் ரத்தம் எடுக்கும் விதம். பம்ப் வேகத்தைக் குறைக்காமல் எடுத்தால், ஃபிஸ்டுலாவில் (ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து அமைத்த ரத்தநாளம்) சுத்தமான ரத்தம் திரும்பவும் கலந்து வரும் நிலை இருக்கும்போது யூரியா உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், கேடி/வி உயர்ந்துவிடும். சிகிச்சை முடிந்து அரை மணி, ஒரு மணி நேரத்தில் திசுக்களுக்குள் இருந்த யூரியா ரத்தத்துக்குத் திரும்பி வருவதால் அளவு மறுபடி கொஞ்சம் ஏறுவதும் உண்டு. ஆகவே ரத்தச் சோதனையும் கையாள்பவரின் கவனத்தைப் பொறுத்த எண்தான்.

இனி ஒளிக்கு வருவோம். டயாலிசரை விட்டு வெளியேறும் குழாயில், புற ஊதா ஒளியை மறைக்காத ஒரு சிறு ஜன்னல் பகுதி இருக்கும். ஒரு பக்கம் புற ஊதா எல்.இ.டி., எதிர்ப்பக்கம் ஒளி உணரி. இப்போது பயன்பாட்டில் உள்ள முறைகள் பெரும்பாலும் 280 நானோமீட்டர் சுற்றுவட்டத்து அலைநீளத்தைப் பயன்படுத்துகின்றன. புது டயாலிசேட்டில் இருக்கும் உப்புகள், பைகார்பனேட், குளுக்கோஸ் ஆகியவை இந்த அலைநீளத்தை ஏறக்குறைய உட்கவர்வதே இல்லை. அதனால் சிகிச்சைக்கு முன் ஒளி கிட்டத்தட்ட முழுதாகக் கடந்துபோகும். அதுவே பூஜ்ஜியக் கோடு. ரத்தம் ஓடத் தொடங்கியதும் கழிவுப் பொருட்கள் டயாலிசேட்டில் இறங்குகின்றன, ஒளி குறைகிறது. குறைந்த அளவை மடக்கை அளவில் எழுதுவார்கள்: உட்கவர்வு 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளி கடக்கிறது, 2 என்றால் நூறில் ஒரு பங்கு. இப்படி எழுதுவதில் ஒரு வசதி உண்டு. பொருளின் செறிவு இருமடங்கானால் இந்த எண்ணும் இருமடங்காகும்.

280-ல் ஒளியை மறைப்பதில் முதலிடம் யூரிக் அமிலத்துக்கு. அதன் உட்கவர்வு உச்சம் 290-ஐத் தாண்டியே இருக்கிறது. கிரியாட்டினினின் உச்சம் 235 அருகில். ஹிப்யூரிக் அமிலம், இண்டாக்சில் சல்ஃபேட் போன்றவையும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. யூரியாவோ இந்த அலைநீளத்தில் கண்ணாடிபோல, ஒளியைத் தடுப்பதே இல்லை.

பிறகு எப்படி யூரியாவின் கணக்கைச் சொல்ல முடிகிறது? யூரியாவின் மூலக்கூறு எடை 60, கிரியாட்டினின் 113, யூரிக் அமிலம் 168. மூன்றுமே சிறியவை, நீரில் கரைபவை, சவ்வை எளிதாகக் கடப்பவை. சிகிச்சையின்போது இவை ஏறக்குறைய ஒரே வேகத்தில் குறைகின்றன. கேடி/வி கணக்குக்கு யூரியாவின் அளவு லிட்டருக்கு எவ்வளவு என்பதே வேண்டியதில்லை. தொடக்கத்தில் இருந்ததில் முடிவில் எத்தனை பங்கு மீந்தது என்ற விகிதம் போதும். டயாலிசிஸ் ஆய்வாளர் டௌகிர்டாஸ் 1993-ல் வெளியிட்டு இன்றும் உலகெங்கும் புழங்கும் சூத்திரம் கேட்பது நான்கே விவரங்கள்: அந்த விகிதம், மொத்த நேரம், அகற்றிய நீர், முடிவில் உள்ள எடை. யூரியா விகிதத்தின் இடத்தில் ஒளி உட்கவர்வு விகிதத்தைப் போட்டால் ஒளிவழிக் கேடி/வி கிடைத்துவிடும்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கு போடுகிறேன். தொடக்கத்தில் உட்கவர்வு 2.0, நான்கு மணி நேர முடிவில் 0.6. விகிதம் 0.3. எடை 60 கிலோ, எடுத்த நீர் 2.5 லிட்டர். சூத்திரத்தில் போட்டால் 1.44 வருகிறது. நல்ல சிகிச்சை. இந்த எண்களை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி தேவைப்படும்.

யூரிக் அமிலம் யூரியாவைவிடக் கொஞ்சம் பெரியது என்பதால் டயாலிசரில் சற்று மெதுவாகவே கடக்கிறது. அதனால் ஒளிவழி எண்ணும் ரத்தவழி எண்ணும் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இந்த யோசனை புதிதல்ல. புற ஊதா ஒளியால் டயாலிசிஸின் திறனைத் தொடர்ந்து கண்காணிக்கலாம் என்று 1980-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருந்தது. ஆனால் 2000-க்குப் பிறகுதான் இது வேகம் பிடித்தது. ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகமும், எஸ்டோனியாவின் தாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இதில் முக்கியமானவை. தாலினில் உள்ள இவோ ஃப்ரிடோலின் குழுவின் பெயர் இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும். பிறகு பி. பிரவுன் நிறுவனம் 'அடிமியா' என்ற பெயரிலும், நிக்கிசோ நிறுவனமும் தங்கள் மெஷின்களில் இதைக் கொண்டுவந்தன. ஒரு கூடுதல் தகவல்: ஒளி உணரி டயாலிசிஸ் மெஷினுக்குப் புதிய விருந்தாளி இல்லை. சவ்வு கிழிந்து ரத்தம் டயாலிசேட்டில் கசிந்தால் உடனே அலாரம் அடிக்கும் கருவி ஒன்று நெடுங்காலமாகவே மெஷின்களில் இருக்கிறது. அதுவும் கழிவுக்குழாயில் ஒளியைச் செலுத்தி ஹீமோகுளோபினைத் தேடுவதுதான்.

திரையில் கேடி/வி வருகிறது என்பதாலேயே அது ஒளிவழி அளவீடு என்று முடிவுகட்ட வேண்டாம். பல மெஷின்கள் மின்கடத்துத்திறனை வைத்து அதே எண்ணைக் காட்டுகின்றன. டயாலிசேட்டின் உப்புச் செறிவைச் சில நிமிடங்கள் சற்றே மாற்றி, வெளியே வரும்போது அது எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து 'கே'-யைக் கணிக்கும் முறை அது. அங்கே 'வி' என்ற உடல்நீர் அளவை யாராவது உள்ளே கொடுக்க வேண்டும். உயரம், எடை, வயது, பாலினம் ஆகியவற்றை வைத்து ஒரு சூத்திரம் கணிக்கும். அந்தக் கணிப்பு தவறினால் தினமும் வரும் கேடி/வி-யும் அதே அளவு தவறும். ஒளிவழி முறை வளைவின் சரிவிலிருந்தே கே, வி இரண்டின் விகிதத்தை எடுத்துக்கொள்வதால் இந்தச் சிக்கல் அதற்கு இல்லை. இதை நான் பெரிய பலமாகவே கருதுகிறேன். உங்கள் அப்பாவின் மெஷின் எந்த வகை என்பதை டெக்னீஷியனிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது கோட்டைப் படிப்பது. எனக்கு எண்ணைவிடக் கோடுதான் முக்கியம்.

சீராக நடக்கும் சிகிச்சையில் கோடு தொடக்கத்தில் செங்குத்தாகவும், போகப்போகச் சாய்வு குறைந்தும் வழவழப்பாக இறங்கும். நடுநடுவே சின்னச் சின்னப் பள்ளங்கள் வந்தால் பயப்படாதீர்கள். மெஷின் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும்போது டயாலிசேட் சற்று நேரம் டயாலிசரைத் தவிர்த்து மாற்றுவழியில் போகும். அப்போது கோடு கீழே விழுந்து மறுபடி பழைய இடத்துக்கு வரும். ரத்த பம்ப் நின்றாலும் அப்படித்தான்.

கவனிக்க வேண்டியது, கீழே விழுந்த கோடு மேலே திரும்பாமல் அங்கேயே நின்று, அதன் பிறகு தட்டையாகப் போவது. இதை விளக்குவது அவசியம், ஏனென்றால் இங்கேதான் தவறான நிம்மதி வந்துவிடும். உணரி இருப்பது ரத்தக் குழாயில் அல்ல, கழிவுக்குழாயில். அங்கே ஒளி குறைவாக மறைக்கப்பட இரண்டு காரணங்கள் இருக்கலாம். ரத்தமே சுத்தமாகி, வருவதற்குக் கழிவு குறைந்திருக்கலாம், அது நல்லது. அல்லது ரத்தத்தில் கழிவு அப்படியே இருக்க, டயாலிசர் அதை வெளியே எடுக்கும் வேகம் குறைந்திருக்கலாம், அது கெட்டது. உணரிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மேலே போட்ட கணக்கை எடுத்துக்கொள்வோம். முடிய இன்னும் சில நிமிடங்களே இருக்கும்போது யாரோ ரத்த ஓட்டத்தை நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டரிலிருந்து 200-க்குக் குறைக்கிறார்கள். ஒரு சாதாரண டயாலிசரில் யூரியாவை அகற்றும் வேகம் அப்போது சுமார் கால் பங்கு குறையும். உட்கவர்வு 0.6-லிருந்து 0.45-க்கு விழும். ரத்தத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் தொடக்க மதிப்பையும் கடைசி மதிப்பையும் மட்டும் எடுத்துச் சூத்திரத்தில் போட்டால் 1.44-க்குப் பதில் 1.78 வரும். சிகிச்சை மோசமான நேரத்தில் எண் அழகாகிவிடுகிறது. நுண்குழாய்களில் ரத்தம் உறைந்து அடைபடும்போதும், ஊசி நகர்ந்து ஓட்டம் குறையும்போதும், ஃபிஸ்டுலாவில் ரத்தம் சுற்றிச் சுற்றி வரும்போதும் இதே ஏமாற்று நடக்கலாம். டயாலிசேட் ஓட்டத்தை நடுவில் மாற்றினாலும் அப்படியே. கூட்டினால் நீர்த்துப்போய்க் கோடு இறங்கும், குறைத்தால் ஏறும். மெஷினின் மென்பொருள் வளைவின் பல புள்ளிகளையும் சேர்த்துச் சரிவைக் கணிப்பது இத்தகைய தாவல்களின் தாக்கத்தைக் குறைக்கத்தான். இருந்தாலும் திடீர்ப் படியும் அதன்பின் தட்டையான கோடும் கண்ணில் பட்டால், கடைசி எண் என்னவாக இருந்தாலும், என்ன நடந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

மருந்துகளும் கோட்டை அசைக்கும். பாராசிட்டமாலும் உடம்பில் அதிலிருந்து உருவாகும் பொருட்களும் புற ஊதா ஒளியை உட்கவர்பவை. சிகிச்சை நடுவே தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டால் கோடு இறங்குவதை விட்டுவிட்டு நிதானிக்கவோ சற்று ஏறவோ கூடும், கேடி/வி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அலோபியூரினால் எடுப்பவர்களிடம் யூரிக் அமிலம் குறைவாகவும் சான்தின், ஹைப்போசான்தின் கூடுதலாகவும் இருக்கும். ஒளியை மறைக்கும் கூட்டத்தின் சேர்மானமே வேறு. விகிதம் என்பதால் பெரிய சேதம் இல்லை, ஆனால் அவருடைய உட்கவர்வு அளவைப் பக்கத்துப் படுக்கைக்காரரின் அளவோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பைகார்பனேட் டயாலிசேட்டால் ஜன்னலில் சுண்ணாம்புப் படிவு சேருவதும், காற்றுக் குமிழ்கள் குறுக்கே வருவதும் பராமரிப்பு சார்ந்தவை. அமிலம் கொண்டு கழுவுவதை ஒழுங்காகச் செய்யும் இடத்தில் இவை தொல்லை தருவதில்லை.

இவ்வளவும் யூரியா என்ற ஒற்றை அளவுகோலுக்குள் நின்று பேசியது. டயாலிசிஸில் ஒளியின் உண்மையான எதிர்காலம் அந்த அளவுகோலுக்கு வெளியே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

2002-ல் வெளியான ஹீமோ ஆய்வு 1,846 நோயாளிகளிடம் நடந்தது. ஒரு பிரிவினருக்குக் கேடி/வி சராசரி 1.32, இன்னொரு பிரிவினருக்கு 1.71. உயிர் பிழைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் யூரியாவைக் கூடுதலாகத் துரத்துவதில் பலன் இல்லை என்றால், உடம்பைக் கெடுப்பது வேறு ஏதோ ஒன்று. ஐரோப்பிய யூரிமிக் நச்சு ஆய்வுக் குழு, சிறுநீரகம் செயலிழக்கும்போது உடம்பில் தேங்கும் 90 பொருட்களை 2003-ல் பட்டியலிட்டது. அவற்றில் இரண்டு வகைகள் டயாலிசிஸுக்கு அடங்க மறுப்பவை. ஒன்று நடுத்தர எடை மூலக்கூறுகள். எடை சுமார் 11,800 உள்ள பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் இதற்கு எடுத்துக்காட்டு. பல ஆண்டுகள் டயாலிசிஸில் இருப்பவர்களின் மணிக்கட்டிலும் மூட்டுகளிலும் படிந்து வலி தருவது இது. இன்னொன்று புரதத்தைப் பற்றிக்கொண்டிருப்பவை. குடல் பாக்டீரியாக்கள் டிரிப்டோஃபானிலிருந்து இண்டோலை உண்டாக்க, கல்லீரல் அதை இண்டாக்சில் சல்ஃபேட்டாக மாற்றுகிறது. அதில் 90 சதவீதத்துக்கும் மேல் ரத்தப் புரதமான ஆல்புமினோடு ஒட்டியே இருக்கும். ஒட்டாமல் இருக்கும் சொற்பம்தான் சவ்வைக் கடக்கும். யூரியாவின் கணக்கு அருமையாக இருக்கும் அதே நாளில் இது பெரும்பகுதி உடம்பிலேயே தங்கிவிடலாம்.

இண்டாக்சில் சல்ஃபேட்டுக்கு ஒரு பண்பு உண்டு. புற ஊதா ஒளி பட்டால் அது வேறொரு நீண்ட அலைநீளத்தில் தானே ஒளிர்கிறது. உட்கவர்வைப் பார்க்கும் உணரியோடு ஒளிர்வைப் பார்க்கும் உணரியையும் சேர்த்தால், யூரிக் அமிலத்துக்கு ஒரு கோடு, இண்டாக்சில் சல்ஃபேட்டுக்கு ஒரு கோடு என்று தனித்தனியே வரையலாம். தாலின் குழு இந்தத் திசையில்தான் பல ஆண்டுகளாக உழைக்கிறது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலினை ஒளியால் மதிப்பிடுவதும் ஆய்வில் உண்டு. ஆனால் டயாலிசேட்டில் அதன் செறிவு மிகக் குறைவு; அது தனித்துத் தெரியும் அளவுக்கு ஒளியில் தடம் பதிப்பதில்லை. பல அலைநீளங்களின் அளவுகளிலிருந்து புள்ளியியல் வழியே ஊகித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இண்டாக்சில் சல்ஃபேட் கோட்டுக்குக் கொடுக்கும் நம்பிக்கையை பீட்டா-2 கோட்டுக்கு நான் இப்போதைக்குக் கொடுக்க மாட்டேன்.

இது ஆய்வகத்தோடு நிற்கும் ஆர்வம் அல்ல. 2023-ல் வெளியான கன்வின்ஸ் ஆய்வில், ஒரு முறைக்கு 23 லிட்டருக்குக் குறையாமல் நீரைச் சவ்வு வழியே இழுத்து ஈடுசெய்யும் ஹீமோடயாஃபில்ட்ரேஷன் பெற்றவர்களிடம், வழக்கமான டயாலிசிஸ் பெற்றவர்களைவிட இறப்பு அபாயம் 23 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த முறை யூரியாவைவிடப் பெரிய மூலக்கூறுகளை நன்றாக அகற்றுவது. அப்படியானால் அவை எவ்வளவு வெளியேறின என்று ஒவ்வொரு முறையும் பார்க்கும் வழி வேண்டும், அதற்கு யூரியா உதவாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இனி எளிதாகப் பதில் சொல்லலாம். மாதாந்திரச் சோதனையில் பார்ப்பது யூரியா மட்டுமல்ல. பொட்டாசியம், பாஸ்பரஸ், கால்சியம், ஹீமோகுளோபின், ஆல்புமின் எல்லாம் அதில்தான் தெரியும். பொட்டாசியமும் பாஸ்பேட்டும் இந்த ஒளிக்கு அகப்படவே மாட்டா. அப்பா போதுமான புரதம் சாப்பிடுகிறாரா என்று கணிக்கவும் யூரியாவின் உண்மையான அளவு வேண்டும், வெறும் விகிதம் போதாது. சிறுநீர் இன்னும் கொஞ்சம் போகிறது என்றால் அந்தச் சுத்திகரிப்பும் மெஷினின் கணக்கில் வராது. கேடி/வி நன்றாக இருப்பதாலேயே நீர் சரியாக எடுக்கப்பட்டது என்றும் ஆகாது. சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கு 'வி' குறைவு என்பதால் குறைந்த நேரத்திலேயே எண் ஏறிவிடும். அதைக் காட்டி நேரத்தைக் குறைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளும் முன் மருத்துவரிடம் பேசுங்கள்.

செய்யக்கூடியது இது. ரத்தம் எடுக்கும் நாளில் திரையில் வந்த கேடி/வி-யையும் ஆய்வகக் கேடி/வி-யையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரே ஆளுக்கு, அதே மெஷினில், அந்த வித்தியாசம் மாதாமாதம் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும். திடீரென்று விலகினால் ரத்தம் எடுத்த முறை, உணரியின் நிலை, ஃபிஸ்டுலா மூன்றில் ஒன்றில் காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு நாள் எண் குறைவதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். தொடர்ந்து மூன்று நான்கு முறை படிப்படியாக இறங்கினால் ஃபிஸ்டுலாவில் குறுக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மெஷின் இப்போதைய எண்ணோடு, முடிவில் எவ்வளவு வரும் என்ற கணிப்பையும் காட்டினால் பாதி நேரத்தில் அதைப் பாருங்கள். இலக்கை எட்டாது என்று காட்டினால், அப்போதே ஊசியின் நிலையையும் ரத்த ஓட்டத்தையும் சரிபார்க்கச் சொல்லலாம். அதன் பிறகும் எட்டவில்லை என்றால், அன்றைக்கே இருபது முப்பது நிமிடம் கூட்டித் தர முடியுமா என்று சிறுநீரக மருத்துவரான நெஃப்ராலஜிஸ்டிடம் கேட்கலாம். மாதக் கடைசியில் வரும் ஆய்வக அறிக்கையை வைத்து இதைச் செய்ய முடியாது.